அந்த ஸ்டீயரிங்கை உடைக்கச் சொல்லாதீங்க

கொஞ்சம் நீளமான இழை. வீட்ல காலேஜ் போற வயசுல பசங்க இருக்கிறவங்க பொறுமையா படிங்க. (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

கொஞ்ச நாள் முன்னாடி ஓபியில ஒரு அப்பாவும் பையனும் வந்தாங்க. ஊர் ஓரிக்கை. அப்பா பட்டு நெசவு. பையனுக்கு 19 வயசு, பாலிடெக்னிக். வலது மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா வலி, மூணு வாரமா இருக்கு.

கட்டைவிரலை உள்ள மடக்கி, மத்த விரல்களால மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். கத்திட்டான். கட்டைவிரலை இழுக்குற தசைநாண் மேல இருக்கிற உறை வீங்கிப் போற பிரச்சினை இது. டி குவர்வெயின்னு பேரு. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வச்சிக்கிற அம்மாக்கள்கிட்ட அடிக்கடி பார்ப்போம். 19 வயசுப் பையனுக்கு எப்படி வந்துச்சு?

பையன் வாயே திறக்கல. அப்பாதான் சொன்னார்.

"வண்டி ஓட்றான் சார். ஊட்ல உக்காந்துகினே. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. டேபிள்ல ஒரு ஸ்டீயரிங்க மாட்டி வச்சிகினு. நாங்க சொன்னா எங்க கேக்குறான்? நீங்க சொல்லுங்க சார், அத்த உடைச்சிப் போடச் சொல்லுங்க."

பையன் மெதுவா, "இப்ப நிறுத்த முடியாது சார். சீசன் நடக்குது. லைசென்ஸ் ஏறணும்"னான்.

அப்பாவுக்கு அந்தக் கோபத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு. "ஊட்ல ஓட்றதுக்கு லைசென்ஸாம் சார்!"

எனக்குச் சிரிப்பு வரல. நானும் ஓட்டுறவன். 2020 கொரோனா சமயத்துல வார்டு டூட்டி முடிஞ்சு தனியா ரூம்ல அடைஞ்சு கிடந்தப்போ பிடிச்ச பழக்கம்.

"இப்ப எத்தனையாவது வாரம் தம்பி?"ன்னு கேட்டேன். டக்குன்னு நிமிர்ந்து பார்த்தான். "ஏழு சார்."

"ஆறு வாரமும் ஓட்டிட்டியா?"

"ஓட்டிட்டேன் சார்."

"12 வாரத்துல நல்லா வந்த எட்டு வாரம்தானே கணக்கு? அப்போ நாலு வாரம் எப்படியும் கழியப் போகுது. அதுல மூணை எனக்குக் குடு. கைக்கு ஓய்வு. பத்தாவது வாரம் வந்து உக்காரு."

ஒரு நிமிஷம் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தான். சரின்னுட்டான். மூணு வாரமா வீட்ல நடந்த சண்டை, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. அப்பா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார் பேசிக்கினீங்க?"

அவருக்கு அப்போ முழுசா விளக்க நேரமில்லை. வெளிய வரிசை நின்னுட்டிருந்தது. அவர் மாதிரி இருக்கிற எல்லா அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இங்க எழுதுறேன்.

முதல்ல, இது செல்போன்ல விரலால தேய்க்கிற கார் கேம் இல்ல. சிமுலேட்டர். பையன் ஓட்டுறது ஐரேசிங். 2008ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது. நிஜ ரேஸ் டிராக்குகளை லேசர் வச்சு அளந்து, தார்ல இருக்கிற மேடு பள்ளம் வரைக்கும் அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டு வந்திருக்காங்க. டயர் சூடாகிறது, பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாகிறது, எல்லாம் கணக்குல வரும். ஸ்டீயரிங்குக்குள்ள மோட்டார் இருக்கு. வண்டி சறுக்கினா அது கையை இழுக்கும். பையனோட மணிக்கட்டு போனது அந்த இழுப்புலதான்.

பொய்ப் பேருல ஆட முடியாது. சொந்தப் பேருதான் திரையில வரணும். உலகத்துல எங்கிருந்தோ வர்ற இருபது பேரோட, குறிச்ச நேரத்துல, நிஜமாவே பந்தயம் ஓட்டணும். நடுவுல நிறுத்தி வச்சிட்டுச் சாப்பிடப் போக முடியாது. (அம்மாக்களே, "சாப்பிட வாடா"ன்னு கூப்பிட்டும் வரலைன்னா காரணம் இதுதான். பெரும்பாலான ரேஸ் அரை மணி, முக்கால் மணியில முடிஞ்சுடும்.)

இப்போ அந்த லைசென்ஸ் விஷயம்.

சேர்ந்த உடனே எல்லாருக்கும் ரூக்கி லைசென்ஸ். அதுக்கு மேல டி, சி, பி, ஏ. மேல போகப் போகத்தான் பெரிய கார், நீளமான ரேஸ். ஃபெராரி வேணும்னு காசு கட்டி வாங்கி வச்சாலும், அதோட ரேஸுக்கு உண்டான லைசென்ஸ் இல்லைன்னா உள்ள விட மாட்டாங்க. சின்ன மாஸ்டா காருல ஆரம்பிச்சுத்தான் வரணும்.

லைசென்ஸ் ஏறணும்னா வேகமா ஓட்டணும்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். வேகத்துக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு நம்பர். ஒண்ணு ஐரேட்டிங். இது திறமைக்கு. செஸ்ல இருக்கிற எலோ மாதிரி. உங்களை விடப் பலசாலியைத் தாண்டி முடிச்சா ஏறும், பலவீனமானவர்கிட்ட தோத்தா இறங்கும். இன்னொண்ணு சேஃப்டி ரேட்டிங். சுருக்கமா எஸ்ஆர். லைசென்ஸ் ஏறுறது இறங்குறது இந்த ரெண்டாவது நம்பரை வச்சு மட்டும்தான்.

எஸ்ஆர் எப்படிக் கணக்குப் போடுறாங்கன்னா, எத்தனை வளைவு தாண்டினீங்க, அதுல எத்தனை தப்பு நடந்தது. அவ்வளவுதான். நாலு சக்கரமும் டிராக்கை விட்டு வெளிய போனா 1 புள்ளி. வண்டி சுத்திப்போனா 2. இன்னொரு கார் மேல பலமா மோதினா 4. பல தொடர்கள்ல ஒரே ரேஸ்ல 17 புள்ளி சேர்ந்தா தண்டனை. எஸ்ஆர் 4ஐத் தாண்டினா லைசென்ஸ் மேல ஏறும். சீசன் முடியறப்போ 2க்குக் கீழ இருந்தா ஒரு படி இறக்கிடுவாங்க. 1க்குக் கீழ போனா சீசன் முடியற வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டாங்க.

அந்த 1 புள்ளியைக் கவனிங்க. யாரையும் இடிக்கல, வண்டிக்கு ஒண்ணும் ஆகல, சும்மா புல்லுல இறங்கி ஏறிட்டான். அதுக்கும் கணக்கு. மருத்துவத்துல இதை நியர் மிஸ்னு சொல்லுவோம். தப்பான ஊசியை எடுத்துட்டு, போடுறதுக்கு முன்னாடி லேபிளைப் பார்த்து நிறுத்திட்டோம்னா நோயாளிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் அதை எழுதி வைக்கணும். நம்மள்ல எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்னு என்னைக் கேட்காதீங்க.

அடுத்ததுதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விதி. புதுசா வர்றவங்களுக்கு ரொம்பப் பிடிக்காத விதியும் இதுதான்.

ரெண்டு கார் மோதினா, யார் மேல தப்புன்னு கம்ப்யூட்டர் பார்க்காது. ரெண்டு பேருக்கும் 4 புள்ளி.

நேரா போயிட்டிருந்தவனைப் பின்னாடி இருந்து வந்து இடிச்சாலும், இடி வாங்கினவனுக்கும் 4. "என்ன சார் நியாயம் இது?"ன்னு எல்லாரும் குதிப்பாங்க. நானும் குதிச்சேன். வேணும்னே இடிச்சதா இருந்தா ரீப்ளே வீடியோவோட புகார் அனுப்பலாம். மனுஷங்க உக்காந்து பார்த்துத் தடை போடுவாங்க. ஆனா எஸ்ஆர்ல போன புள்ளி போனதுதான்.

ஒரு மாசம் ஓட்டினப்புறம் புரிஞ்சுது. என்னை இடிக்கிறவங்க பெரும்பாலும் இடிக்கப் போறாங்கன்னு முன்னாடியே தெரியும். முந்தின வளைவுலயே தடுமாறியிருப்பான். பிரேக் லேட்டா பிடிச்சிருப்பான். பார்த்துட்டும் "எனக்குத்தான் உரிமை"ன்னு நான் வழி விடாம போயிருப்பேன். தப்பு அவன்மேல. புள்ளி எனக்கும். மூணு தடவை இப்படி ஆனப்புறம் நாலாவது தடவை தானா ஒதுங்கினேன். அடுத்த வளைவுல அவனே சுத்திக் கீழ போயிட்டான், நான் தாண்டிப் போயிட்டேன்.

கேஷுவாலிட்டியில ராத்திரி டூட்டி பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும், அதிகம் கேட்கிற வாக்கியம் எதுன்னு சொல்லிடுவாங்க. "நான் கரெக்டாத்தான் சார் வந்தேன், அவன்தான் வந்து இடிச்சான்." தொடை எலும்பு ரெண்டா இருக்கும், அப்பவும் சொல்லுவாங்க. பல சமயம் அது உண்மையாவும் இருக்கும். உண்மையா இருந்து என்ன? நான் தையல் போடுறப்போ யார்மேல தப்புன்னு காயத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

2022ல இந்தியாவுல நடந்த சாலை விபத்துகள் 4,61,312. செத்துப்போனவங்க 1,68,491. மத்திய அரசு கணக்கு. விபத்து எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாடு, 64,105. அந்த ஒரு வருஷத்துல நம்ம மாநிலத்துல 17,884 உயிர் போயிருக்கு. வெள்ளைகேட் பக்கத்துல ஹைவேயில நின்னு ஒரு சனிக்கிழமை ராத்திரி பாருங்க, எப்படிப் போச்சுன்னு புரியும்.

நம்ம லைசென்ஸை நினைச்சுப் பாருங்க. 18 வயசுல கிரவுண்டுல ஒரு எட்டு போட்டுக் காட்டுறோம். அதோட 40 வயசு வரைக்கும் யாரும் நம்மை ஒண்ணும் கேட்கப் போறதில்ல. நிறுத்தி வைக்கவும் ரத்து பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா நடுவுல 22 வருஷம் நாம எப்படி ஓட்டினோம்னு எங்கயும் பதிவே கிடையாது. கம்ப்யூட்டர்ல ஓட்டுற பையனுக்கு ஒவ்வொரு ராத்திரியும் அந்த நம்பர் மாறுது. அவன் அதைப் பார்த்துட்டுத்தான் தூங்கப் போறான்.

இதுக்காக சிமுலேட்டர் ஓட்டுறவன் எல்லாம் ரோட்டுல யோக்கியனா ஓட்டுவான்னு நான் சொல்லல. அது தப்பான முடிவு. சிமுலேட்டர்ல நாய் குறுக்க வராது, ராங் சைடுல ஆட்டோ வராது. முக்கியமா பயம் வராது. மோதினா ஒரு பட்டனை அழுத்தினா வண்டி ஷெட்டுக்குப் போயிடும். நிஜ ரேஸ் எப்படின்னு தெரிஞ்சிக்க நாம வெளிநாடு போக வேண்டாம், பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டையே போதும். 2023ல மட்டும் அந்த டிராக்ல ரெண்டு பேர் போட்டி நடக்கும்போதே உயிரை விட்டாங்க. ஜனவரியில 59 வயசு அனுபவசாலி கார் ரேஸர். ஆகஸ்ட்ல பெங்களூர்ல இருந்து பைக் ரேஸுக்கு வந்த 13 வயசுப் பையன். ஹெல்மெட், ஆம்புலன்ஸ், டாக்டர் எல்லாம் தயாரா இருக்கிற இடத்துல நடந்தது இது. பாலாத்துப் பாலத்துல ராத்திரி வீலிங் பண்றவனுக்கு இதுல எதுவும் இல்ல.

நான் கேட்கிறது ஒண்ணுதான். வேகம் வேணும்கிற வயசு அது. அந்த ஆசை எங்கயாவது போய்த்தான் தீரும். அதை ஒரு விதிக்குள்ள, கணக்குக்குள்ள தீர்த்துக்கிற இடம் வீட்டு டேபிள் மேல இருக்கு. அதை உடைச்சிட்டா அவன் எங்க போவான்னு யோசிச்சீங்களா?

சரி, போட்டி எப்படி நடக்குதுன்னு மிச்சத்தையும் சொல்லிடறேன்.

வருஷத்துக்கு நாலு சீசன். ஒவ்வொண்ணும் 12 வாரம். வாரம் ஒரு டிராக். ஒரு ரேஸுக்கு அறுபது பேர் பேர் குடுத்தா, ஐரேட்டிங் பார்த்து இருபது இருபதாப் பிரிப்பாங்க. அதனால புதுசா வந்தவன் உலக சாம்பியன்கிட்ட போய் மாட்ட மாட்டான். கூட ஓட்டினவங்க எவ்வளவு பலம்கிறதைப் பொறுத்துத்தான் பாயிண்ட். பலமான கூட்டத்துல பத்தாவதா வந்தா, பலவீனமான கூட்டத்துல ஜெயிச்சதை விட அதிகமாகக்கூடக் கிடைக்கும்.

பையன்கிட்ட நான் முக்கியமா சொன்ன விஷயம் ஒண்ணு. ஒரு வாரத்துல எத்தனை ரேஸ் ஓட்டினாலும் எல்லாத்தையும் கூட்ட மாட்டாங்க. அதுல சிறந்த கால்பங்கோட சராசரிதான் அந்த வார பாயிண்ட். விடிய விடிய இருபது ரேஸ் ஓட்டுறவனுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. ரெண்டு மணிக்கு மேல கண் எரிய எரிய ஓட்டினா, ஏறின எஸ்ஆரும் இறங்கத்தான் செய்யும். டாக்டரா நான் சொன்னா கேட்க மாட்டான், விதியே சொல்லுது, கேட்டுக்கிட்டான்.

பசங்க சொல்ற இன்னொரு புகார், நெட். "நான் இடிக்கவே இல்ல, ஆனா இடிச்சதா காட்டுது." இது பொய் இல்ல. சர்வர் அமெரிக்காவுல இருந்தா நம்ம தகவல் போய்த் திரும்பி வர 0.2 செகண்டுக்கு மேலகூட ஆகலாம். 200 கிலோமீட்டர் வேகத்துல ஒரு கார் 0.2 செகண்ட்ல 11 மீட்டர் போயிடும். அந்த இடைவெளியில எதிராளி கார் எங்க இருக்கும்னு கம்ப்யூட்டர் ஊகிச்சுத்தான் வரையுது. ஊகம் தப்பினா தொடாமலேயே மோதல். பழகினவங்க அதுக்கும் சேர்த்து இடம் விட்டு ஓட்டுவாங்க. காசு விஷயத்துலயும் நம்ம பசங்களுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். மாசச் சந்தா தனி. அதுக்கு மேல ஒரு கார் ஏறத்தாழ 12 டாலர், ஒரு டிராக் 15 டாலர். எல்லாத்தையும் வாங்கணும்னு கிடையாது, முதல்லயே குடுக்கிறதை வச்சு ஒரு வருஷம் தாராளமா ஓட்டலாம். கார்டு நம்பரைப் பையன்கிட்ட குடுக்காதீங்க. வாங்குறப்போ பக்கத்துல உக்காருங்க.

பிளேஸ்டேஷன் வச்சிருக்கிற வீடுகள்ல கிரான் டூரிஸ்மோ ஓட்டுவாங்க. 2017ல வந்த ஸ்போர்ட் பதிப்புல இருந்து அதுலயும் இதே மாதிரி ரெண்டு மதிப்பெண், வேகத்துக்கு ஒண்ணு, நடத்தைக்கு ஒண்ணு.

நடத்தைன்னதும் ஞாபகம் வருது. 2020ல ஊரே அடைஞ்சு கிடந்தப்போ நிஜ ரேஸர்கள் எல்லாம் சிமுலேட்டர்ல போட்டி போட்டாங்க. அமெரிக்காவுல நாஸ்கார் ஓட்டுற கைல் லார்சன் அப்படி ஒரு ரேஸ்ல மைக்கைத் திறந்து வச்சிட்டு ஒரு இனவெறி வார்த்தையைச் சொன்னார். நிஜ வேலையே போச்சு. டேனியல் அப்ட்னு ஃபார்முலா ஈ டிரைவர், தன் பேருல வேற ஒரு ஆளை உக்கார வச்சு ஓட்ட விட்டார். கண்டுபிடிச்சுட்டாங்க. ஆடி கம்பெனி அவரைச் சஸ்பெண்ட் பண்ணுச்சு, 10,000 யூரோ தர்மத்துக்குக் கட்டச் சொன்னாங்க. (நம்ம 2019 நீட் ஆள்மாறாட்டம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.) பையன் ஹெட்போன்ல என்ன பேசுறான்னு காது குடுத்துக் கேளுங்க. வண்டி ஓட்டுறதை விட அதுதான் நீங்க கவனிக்க வேண்டியது.

24 மணி நேர ரேஸும் இதுல உண்டு. டேடோனா, நூர்பர்க்ரிங், ஸ்பா. அஜித் டீம் 2025 ஜனவரியில துபாய்ல 24 மணி நேர ரேஸ்ல அவங்க பிரிவுல மூணாவது வந்தாங்களே, அதே மாதிரி. ஒரு காரை ஒரு டீம் மாத்தி மாத்தி ஓட்டணும். ஒருத்தரே முழுசா ஓட்டிட்டு மத்தவங்க பேரைப் போட்டுக்க முடியாது, டீம்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் குறைஞ்சபட்சம் இத்தனை சுத்துன்னு விதி இருக்கு. அந்த அப்பாவுக்கு இதை விளக்க எனக்குக் கிடைச்சது கோர்வைச் சேலைதான். பக்கத்துல கரைக்கு நாடா போட ஒரு ஆள் உக்காந்தாத்தான் உடலும் கரையும் சேரும், ஒருத்தரே ரெண்டு பக்கமும் ஓட முடியாது. "அப்போ இவன் கூட யாரு சார் உக்கார்றது?"ன்னு கேட்டார். பையன் சொன்னான், "ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் மலேசியா." அப்பாவுக்கு அது புதுத் தகவல்.

இதுல இருந்து நிஜ ரேஸுக்குப் போனவங்க இருக்காங்க. வில்லியம் பைரன் வீட்டு ஐரேசிங்ல ஆரம்பிச்சு, 2024லயும் 2025லயும் டேடோனா 500 ஜெயிச்சவர். கிரான் டூரிஸ்மோ போட்டியில ஜெயிச்ச ஜான் மார்டன்பரோ 2013ல லே மான்ஸ்ல தன் பிரிவுல மூணாவது வந்தார், அவர் கதையை 2023ல படமாவே எடுத்தாங்க. ஆனா தயவுசெஞ்சு இதை வச்சுக் கனவு கட்டாதீங்க. கோடிக்கணக்குல காசு விழுங்குற விளையாட்டு அது. தறியை அடகு வச்சு செய்யற வேலை இல்ல. தெருவுல கிரிக்கெட் ஆடுற பையன் எல்லாம் அஸ்வின் ஆகணும்னா நாம ஆட விடுறோம்?

18 வயசு ஆகாத பையன்கிட்ட பைக் சாவி குடுத்து, அவன் ரோட்டுல விபத்து பண்ணினா, பெத்தவங்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷம் ரத்து. மோட்டார் வாகனச் சட்டம், 2019 திருத்தம். பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. "கடைக்குத்தானே சார் அனுப்பிச்சேன்"னு சொல்ற அப்பாக்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். டேபிள் ஸ்டீயரிங் மேல வர்ற கோபத்துல பாதி அந்தச் சாவி மேல வந்தா எனக்கு வேலை குறையும்.

ஸ்டீயரிங் வச்சிருக்கிற பசங்களுக்கு: மோட்டார் இழுப்பைக் குறைச்சு வைங்க, பாதியில ஆரம்பிங்க. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காதீங்க, கட்டைவிரலைக் கம்பிக்குள்ள மாட்டி வைக்காதீங்க, மோதுற நேரத்துல திருகிடும். முழங்கை மடங்கியிருக்கிற மாதிரி உக்காருங்க. முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்க. நைட் 12 மணிக்கு மேல ரேஸ் வேண்டாம். வலி ஒரு வாரத்துக்கு மேல இருந்தா வந்து காட்டுங்க, எண்ணெய் தேய்ச்சு உருவி விடாதீங்க.

பையன் மூணு வாரம் கழிச்சு மறுபடியும் வந்தான். கட்டைவிரலுக்குப் பட்டை போட்டிருந்தான், வலி நல்லாவே குறைஞ்சிருக்கு. மறுபடியும் உக்காந்த முதல் ரேஸ்ல கடைசியா வந்தானாம். ஆனா ஒரு புள்ளிகூட வாங்கலைன்னு போனை நீட்டிக் காட்டினான். எஸ்ஆர் 3.71.

அப்பா எட்டிப் பார்த்தார். "நாலு ஆனா இன்னா சார்?"

"அடுத்த லைசென்ஸ்"னு சொன்னேன்.

"இந்த மாரி எனுக்கும் ஒண்ணு இருக்குதா சார்? டிவிஎஸ் எக்ஸெல் ஓட்றதுக்கு?"

இல்லைன்னு சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. இன்னிக்கு நைட் டூட்டி, காலையில பதில் போடுறேன்.